தறிப்பேச்சு

முப்பத்துநாலு வருஷம் கழித்து அந்த வாசலில் நான் போய் நின்றபோது காலை பத்து மணி, சுள்ளென்று வெயில். பயந்து பார்க்கலாம் என்று ஆசையோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். ஊளையிடும் நாய், ஆடும் விளக்கு, அமாவாசை இருட்டு எதுவும் என்னிடம் இல்லை. எனக்கு நடந்ததெல்லாம் பட்டப்பகலில், ஏசி போட்ட கூடத்தில், காப்பி வாசனைக்கு நடுவில் நடந்தது.

மில்லை ஓட்டலாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஷிப்ட் முடிந்து வருகிறவர்களை மடித்த சட்டைக்கை வரை தடவிப் பார்த்த சோதனைக் கூண்டில் இப்போது பூந்தொட்டி வைத்திருந்தது. கொதிகலன் இருந்த இடத்தில் நீச்சல் குளம். தறிக்கூடத்தை மட்டும் இடிக்காமல் விட்டு, காப்பி குடிக்கும் கூடமாக ஆக்கியிருந்தார்கள். நாங்கள் வேர்த்து நாறிய இடத்தில் குளிர்காற்று வீசியது. புதுப் பெயின்ட் வாசனை மூக்கைத் துளைத்தது. அதற்கு அடியில், சுவரோடு மூக்கை வைத்தால் மட்டும், கருகிய பஞ்சின் வாசனை. அதை எந்தப் பெயின்டாலும் மூட முடியாது. நான் மூக்கை வைத்துப் பார்த்தேன்.

கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு பெண் என்னை வரவேற்றாள். திறப்பு விழா வேலை முழுக்க அவள் தலையில். எல்லோரும் விழா மேடம் என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன்.

"சார், நீங்க ஒரு வாழும் வரலாறு," என்றாள்.

வாழும் வரலாறு என்றால் பழைய இரும்புக்காரன்கூட எடுத்துக்கொள்ளாத சாமான் என்று பொருள். புன்னகைத்து வைத்தேன்.

"இங்க பதினோரு பேர் இறந்தாங்கல்ல சார். அதனால பதினோரு தறி வைக்கிறோம். விழா அன்னிக்கு பதினொண்ணும் ஒரே நேரத்துல ஓடணும், நீங்கதான் சரி பண்ணிக் குடுக்கணும். அதான் கான்செப்ட்."

"ஓட்டிட்டு?"

"அப்புறம் எல்லாருக்கும் காப்பி."

பதினோரு பேர் வெந்து செத்தது ஒருத்திக்குக் கான்செப்ட். அவளைச் சொல்லி என்ன பயன். அதே பதினோரு பேர் வேறு ஒருத்தனுக்கு முப்பத்துநாலு வருஷமாகப் பிழைப்பு. இன்னொருத்தனுக்கு வாயைத் திறக்காமல் இருக்கக் கிடைத்த பதவி உயர்வு. அந்த இன்னொருத்தன் நான்தான்.

நான் தறி ஜாபர். தறி கோளாறானால் சரி செய்வதும், அறுபது தறிக்காரர்களை மேய்ப்பதும் என் வேலை. இடுப்பில் சாவிக்கொத்து எப்போதும் தொங்கும் என்பதால் தொழிலாளிகள் எனக்கு வைத்த பெயர் சாவிக்கொத்து. நேரில் யாரும் சொன்னதில்லை. ஆனால் எனக்குத் தெரியும், ஏனென்றால் அவர்கள் பேசுவதை நான் கண்ணால் படிப்பேன்.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். இருநூறு தறி ஒன்றாக அடிக்கிற கூடத்தில் பக்கத்தில் இடியே விழுந்தாலும் கேட்காது. உங்கள் குரல் உங்களுக்கே கேட்காது. அதனால் நாங்கள் சத்தம் இல்லாமல் உதட்டால் மட்டும் பேசுவோம். வாயை நன்றாக இழுத்து, ஒவ்வொரு சொல்லையும் பிட்டு வைத்த மாதிரி. கூடத்தின் இந்த மூலையில் இருப்பவன் அந்த மூலையில் இருப்பவனிடம் குழந்தைக்குக் காய்ச்சல் என்பான், அவன் மருந்து கொடுத்தியா என்பான். அதற்குத் தறிப்பேச்சு என்று பெயர். மில்காரன் வீட்டுப் புருஷன் பெண்டாட்டி சண்டை பக்கத்து வீட்டுக்குக் கேட்காது என்று ஊரே கேலி செய்யும்.

நான் நடந்து வந்தால் வரிசையாகக் கைகள் வாய்க்குப் போகும். ஜாபர் படித்துவிட்டு மேனேஜரிடம் போய் ஒப்பிப்பான் என்று எல்லோரும் வாயை மறைத்துக்கொள்வார்கள். அவர்கள் நினைத்தது சரிதான், ஒப்பித்துக்கொண்டுதான் இருந்தேன். வாயை மறைக்காத ஒரே ஆள், நூல் சுற்றும் பிரிவில் இருந்த என் தங்கச்சி. வீட்டில் அவளைப் பாப்பா என்போம். அண்ணனிடம் மறைக்க என்ன இருக்கிறது என்று அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பாள்.

அவள் புருஷன் தறிக்காரன். எனக்கு மாப்பிள்ளை. அவனும் என்னைப் பார்த்தால் கையை வாய்க்குக் கொண்டுபோவான்.

ஆளுக்கு இரண்டு தறி என்று இருந்ததை நாலு தறி என்று ஆக்கினார்கள். வேலைநிறுத்தம் வந்தது. நாற்பது பேர் தறிக்கூடத்துக்குள் உட்கார்ந்துகொண்டு வெளியே வர மாட்டோம் என்றார்கள். மேனேஜர் கதவை வெளியிலிருந்து பூட்டச் சொன்னார், கெஞ்சினால் திறக்கலாம் என்றார். மூன்றாம் நாள் மத்தியானம், கூலிக்குப் பிடித்து வந்த ஆட்கள் கூரைக் கண்ணாடியை உடைத்துப் புகைக்குண்டு போட்டார்கள். பஞ்சுக் கழிவு பற்றிக்கொண்டது. விசாரணைக் கமிஷன் மூன்று வருஷம் உட்கார்ந்து, மின்கசிவு என்று கண்டுபிடித்தது. அறிவாளிகள்.

தறிக்கூடத்துக்கும் ஜாபர் அறைக்கும் நடுவில் திறக்காத கண்ணாடி ஜன்னல் ஒன்று உண்டு. தடித்த கண்ணாடி, கம்பி வலை போட்டது. நானும் மேனேஜரும் அறைப் பக்கம் நின்றோம். கூடத்துப் பக்கமாகப் பதினோரு பேர் ஜன்னலுக்கு ஓடிவந்தார்கள். காற்றுக்காக அல்ல, அந்த ஜன்னல் திறக்காது என்று அவர்களுக்குத் தெரியும். உதட்டைப் படிக்கத் தெரிந்தவன் அங்கே நிற்கிறான் என்றுதான் வந்தார்கள். ஒருவர்கூட வாயை மறைக்கவில்லை.

"என்னய்யா சொல்றானுங்க?" என்று மேனேஜர் கேட்டார்.

"கோஷம் போடறாங்க சார்," என்றேன்.

அது பொய். அது பொய் என்பதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. மில் முதலாளிக்கு அந்தப் பொய் இனித்தது: கலகக்காரர்கள், கடைசி வரை கத்தினார்கள். சங்கத்துக்கு இன்னும் இனித்தது. சங்கத் தலைவருக்கு மைக் என்று பட்டப்பெயர், மைக் இல்லாத இடத்தில் அவருக்குத் தூக்கமே வராது. தீப்பிடித்த நேரத்தில் ஆபீசில் பேச்சுவார்த்தை என்ற பெயரில் டீ குடித்துக்கொண்டிருந்தவர், மறுவாரமே சலவைக்கல்லில் வெட்டி நட்டுவிட்டார்: 'உதட்டில் கோஷத்தோடு உயிர் நீத்தோர்.' இப்போது அவர் இந்த ஓட்டலுக்கு ஆலோசகர்.

என் தங்கச்சி மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவை, அந்தத் தேதியில், என் எதிரில் வந்து உட்காருவாள்.

"அண்ணா, அவர் கடைசியா என்ன சொன்னாரு?"

"கோஷம்தான் பாப்பா."

"என்னப் பத்தி ஒண்ணும் சொல்லலியா?"

"இல்ல."

அவள் தலையை ஆட்டிக்கொள்வாள். நான் காப்பி போட்டுக் கொடுப்பேன். முப்பத்துநாலு வருஷத்தில் எனக்கென்று மிச்சமிருந்த ஒரே சொந்தம் அவள். என் மகன் கூட இத்தனை ஒழுங்காக வந்து என்னைப் பார்த்ததில்லை. அவளுக்கு உண்மை தெரியக்கூடாது. இந்தக் கதை முழுக்க எனக்கு இருந்த ஒரே கவலை அதுதான்.

முதல் தறியை இரண்டாம் நாள் ஓட்டினேன். கூடத்தில் நானும் எலக்ட்ரீஷியனும் மட்டும். அவன் ஒரு வாயாடி, மில் வேலை என்றால் என்னவென்றே தெரியாத தலைமுறை. ஸ்விட்சைப் போட்டதும், ஊடுநூலை இழுத்துக்கொண்டு ஓடும் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிக்க ஆரம்பித்தது. ஒரு தறிதான், ஆனால் அந்தக் கூரைக்கு அடியில் காதைப் பிளந்தது. எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

எலக்ட்ரீஷியன் என்னைப் பார்த்து ஏதோ சொன்னான்.

தண்ணி வரல.

"எந்தத் தண்ணி? கழிவறையிலயா?" என்று கத்தினேன். மறுபடியும், வாயை நன்றாக இழுத்து, சொல்லைச் சொல்லாகப் பிட்டு வைத்தான். தண்ணி வரல. குழாய்ல தண்ணி வரல.

தறியை நிறுத்தினேன்.

"எந்தக் குழாய்ப்பா?"

"என்ன சார்?"

"இப்ப ஏதோ சொன்னியே."

"நான் வாயே தொறக்கல சார். கை ரெண்டும் ஒயர்ல இருக்கு, பேச்சு எங்க வரும்?" என்று சிரித்தான்.

அவன் வாய் இழுத்துப் பேசிய விதத்தை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். தறிக்கூடத்தில் பத்து வருஷமாவது நின்றவனுக்குத்தான் அப்படி வரும். அந்த வாக்கியமும் எனக்குப் புதிதில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து முதலில் வந்த வாக்கியம் அதுதான்.

பஞ்சு புகைவது எங்களுக்குச் சாதாரணம். வாரத்துக்கு இரண்டு தடவை எங்கேயாவது புகையும், சாக்கை நனைத்துப் போட்டு அணைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். அன்றைக்கும் புகையைப் பார்த்ததும், அணைத்துவிடுவார்கள், இரண்டு நிமிஷம் பயப்படட்டும், திமிர் அடங்கும் என்றுதான் நின்றேன். கூடத்துக்குப் போகும் தண்ணீர்க் குழாயை அன்று காலையில் மேனேஜர் சொல்லி மூடியவன் நானே என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. இதை நான் சாக்காகச் சொல்லவில்லை. ஒரு மனிதன் எவ்வளவு கேவலமாக இருக்க முடியும் என்பதற்குச் சொல்கிறேன்.

இரண்டு நாள் கழித்து இரண்டாவது தறியை ஓட்டினேன். விழா மேடம் கூடத்தின் நடுவில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். தறி ஓட ஆரம்பித்ததும் போனைக் காதிலிருந்து இறக்கினாள். மெதுவாக என் பக்கம் திரும்பினாள். அவள் கண் என்னைப் பார்க்கவில்லை. வாய் மட்டும் பார்த்தது என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும்.

புகை. கண்ணு தெரியல.

ஸ்விட்சை அடித்தேன்.

"...அதான் சொல்றேன், வெள்ளைப் பூ மட்டும் போதும், மஞ்சள் வேணாம்," என்று அவள் போனில் தொடர்ந்தாள். நடுவில் ஒன்றுமே நடக்காத மாதிரி.

மூன்றாவது தறிக்கு, ஏணி மேல் நின்றிருந்த பெயின்டர். பிரஷ் கையிலிருந்து நழுவியது தெரியாமல், முகத்தைத் திருப்பி, உதட்டை இழுத்து:

கதவத் திறங்க. கதவத் திறங்க. கதவத் திறங்க.

ஏசிக் காற்றில் கருகிய பஞ்சின் வாசனை வந்தது. இந்தத் தடவை நான் சுவரில் மூக்கை வைத்திருக்கவில்லை.

அதோடு நிறுத்திக்கொண்டேன். மற்ற எட்டுத் தறியையும் கையால் சுற்றிப் பார்த்துவிட்டு ரெடி என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு தறிக்கு ஒரு வாய். முதல் தறி முதல் ஆள், இரண்டாவது தறி இரண்டாவது ஆள், அன்று ஜன்னலில் பேசிய அதே வரிசை. என் கணக்கு அப்படி. நாலாவதை நான் ஓட்டமாட்டேன், ஏனென்றால் அன்று நாலாவதாகப் பேசியது என் மாப்பிள்ளை.

அவன் எதைப் பற்றிப் பேசினான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேலைநிறுத்தம் தொடங்கினால் ஜாபர் தன் சாவிகளை ஆபீசில் ஒப்படைத்துவிட வேண்டும் என்பது விதி. ஒப்படைத்துவிட்டேன், தீப்பிடித்தபோது என்னிடம் சாவி இல்லை என்று கமிஷனில் சொன்னேன். மேனேஜர் ஆமாம் என்றார். ஆபீஸ் க்ளார்க் சாவியோடு சாப்பிடப் போயிருந்தான் என்று சொல்லி அவன் வேலையைப் பிடுங்கினார்கள். நான் ஒப்படைக்கவில்லை. சாவிக்கொத்து வழக்கம்போல என் இடுப்பில் தொங்கியது. அது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பதினோரு பேருக்கும் மேனேஜருக்கும் மட்டும்தான் தெரியும். திறந்தால் வெளியே வருகிறவர்கள் முதலில் என்னைத்தான் மொத்துவார்கள் என்று பயந்தேன். முதலாளியின் இன்னொரு மில்லில் தலைமை ஜாபர் பதவி தருவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். இவ்வளவுதான் காரணம், இதைவிடப் பெரிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

பின்னால் ஒரு லாரியைக் கொண்டுவந்து கதவை இடித்தார்கள். அந்தக் கோடியில் இருந்த இருபத்தொன்பது பேர் பிழைத்தார்கள். ஜன்னலடியில் நின்றவர்கள் பிழைக்கவில்லை.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. ஜன்னலோரம் தையல் மிஷின், அவள் அதன்மேல் குனிந்திருந்தாள். இறந்தவர்களின் குடும்பத்தை முன்வரிசையில் உட்கார வைக்கப்போகிறார்கள் என்று மைக் ஏற்கெனவே அழைப்பு கொடுத்து அனுப்பியிருந்தார்.

"நீ வர வேணாம் பாப்பா. ஒரே தூசி. உனக்கு மூச்சு இழுக்கும்."

"ஏசி போட்டிருக்குன்னு நீதான சொன்ன?"

"அவனுங்க விளம்பரத்துக்கு நாம எதுக்குப் போய் உக்காரணும்?"

"அவர் நின்ன எடத்த ஒரு தடவ பாக்கணும் அண்ணா. அந்த ஜன்னல் இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப வரேன்," என்று சொல்லிவிட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

சாதுவாக இருப்பாள், ஒன்று சொன்னால் சொன்னதுதான். நான் வேறு வழி தேடினேன்.

விழா அன்று காலை, எல்லோரும் வருவதற்கு முன்னால், பத்துத் தறிகளிலும் நாடாவை அடிக்கும் தோல்வாரைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன். அது இல்லாமல் தறி ஓடாது. அதைக் கண்டுபிடிக்க அங்கே என்னை விட்டால் ஆள் கிடையாது. முதல் தறியில் மட்டும் கை வைக்க முடியவில்லை. அது மேடையோரம் ரிப்பன் கட்டி நின்றது, போட்டோக்காரர்கள் சுற்றிக்கொண்டிருந்தார்கள். போகட்டும் என்று விட்டேன். முதல் தறி என்றால் தண்ணி வரல, அவ்வளவுதானே. யார் வாயில் வந்தாலும், பாப்பாவே அதைப் படித்தாலும், சமாளித்துக்கொள்வேன். அவள் முன்வரிசை, அவளுக்கு எதிரில் இருப்பது மேடையும் அதன்மேல் மைக்கும் மட்டும். அந்த வாயை எடுத்துக்கொண்டால் எனக்குச் சந்தோஷம்தான். அதில் முப்பத்துநாலு வருஷமாக உண்மை ஏறியதே இல்லை.

பதினொரு மணிக்குக் கூடம் நிறைந்தது. சென்ட் வாசனை, வெள்ளைப் பூ, கண்ணாடிக் கோப்பைகள். அந்தக் கம்பிவலை ஜன்னலைத் துடைத்து, அதன்முன்னால் காப்பி மேடை போட்டிருந்தார்கள். என் தங்கச்சி வந்ததும் அதைத்தான் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல் ஊசி குத்திக் குத்திக் காய்த்திருந்தது.

மைக் பேசினார். "அந்தப் பதினோரு உதடுகள் கடைசி மூச்சிலும் சொன்னது என்ன?" என்று கேட்டு நிறுத்தினார். கைதட்டலுக்கு இடம் விட்டார். கைதட்டினார்கள். பதிலை அவர் சொல்லவில்லை, அடுத்து நீச்சல் குளத்தின் அளவைச் சொன்னார்.

பிறகு ரிப்பனை வெட்டினார்கள். பதினோரு ஸ்விட்சையும் ஒன்றாகத் தட்டினார்கள்.

பத்துத் தறி உறுமிவிட்டு நின்றன. விழா மேடம் முகம் வெளுத்தது. ஒன்று மட்டும் ஓடியது.

நான் மேடையைப் பார்த்தேன். மைக் வாய் மூடியிருந்தது. விழா மேடத்தைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். திரும்பிப் பின்வரிசைகளைப் பார்த்தேன். எல்லோரும் தறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒரு உதடும் அசையவில்லை.

அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

என் கையைப் பிடித்திருந்த விரல்கள் குளிர்ந்தன.

தங்கச்சி என் பக்கம் திரும்பினாள். அவள் கண் என்னைப் பார்க்கவில்லை.

மச்சான்.

கருகிய பஞ்சின் வாசனை என் முகத்தில் அடித்தது. அது அவள் வாயிலிருந்து வந்தது.

மச்சான், சாவி உங்க இடுப்புலதான் இருக்கு.

அவள் உதடு அவள் பேசுகிற மாதிரி அசையவில்லை. இடது ஓரம் கொஞ்சம் கோணி, மேலுதடு பல்லில் ஒட்டி. என் மாப்பிள்ளை அப்படித்தான் பேசுவான்.

பாப்பாவுக்காகத் திறங்க.

அந்தச் சொல்லுக்கு உதடு இரண்டு தடவை மூடித் திறக்கும். எவ்வளவு புகையிலும், எவ்வளவு தடித்த கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் தெரியும். அன்றைக்கும் தெரிந்தது.

பாப்பாவுக்காக. பாப்பாவுக்காக.

தறி நிற்கும்போது எந்த இழையில் நின்றதோ அந்த இழையிலிருந்துதான் திரும்ப ஓடும். முதல் இழைக்குப் போகாது. இருபத்தாறு வருஷம் ஜாபராக இருந்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். மூன்று வாக்கியம் சொல்லியாகிவிட்டது. நாலாவதில் அவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். எந்தத் தறி என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை.

யாரோ ஸ்விட்சை அணைத்தார்கள். சத்தம் நின்றது. விழா மேடம் ஓடிவந்து, தொழில்நுட்பக் கோளாறு, மன்னிக்கணும், எல்லாரும் காப்பி எடுத்துக்கோங்க என்றாள். கூட்டம் எழுந்து ஜன்னல் பக்கம் போனது. கோப்பைகள் மோதும் சத்தம் கேட்டது.

தங்கச்சி விழித்துக்கொண்ட மாதிரி நிமிர்ந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, மற்றவர்களைப் போல மறந்திருப்பாள் என்று நினைத்தேன். எலக்ட்ரீஷியனுக்குத் தெரியவில்லை, விழா மேடத்துக்குத் தெரியவில்லை.

ஆனால் அவர்கள் மில்காரர்கள் இல்லை. பாப்பா பன்னிரண்டு வருஷம் தன் குரலைத் தான் கேட்காமல் பேசியவள். தன் வாய் என்ன சொன்னது என்பது அவளுக்குக் காதில் தெரிய வேண்டியதில்லை, உதட்டிலேயே தெரியும்.

அவள் விரலை எடுத்து உதட்டின் மேல் வைத்தாள். மெதுவாக, சத்தமில்லாமல், அந்த அசைவைத் திரும்பச் செய்து பார்த்தாள். ஒரு தடவை. இன்னொரு தடவை. இடது ஓரம் கோணியது. உதடு இரண்டு முறை மூடித் திறந்தது. அந்தச் சொல்லில் அவள் கண் நிறைந்தது. முப்பத்துநாலு வருஷமாக என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தது அவளுக்குக் கிடைத்துவிட்டது.

பிறகு அதற்கு முந்தின வாக்கியத்துக்கு வந்தாள்.

"அண்ணா," என்றாள். குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "சாவி உங்கிட்டயா இருந்துச்சு?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். எத்தனை வருஷப் பழக்கம், வழுக்கிக்கொண்டு வர வேண்டிய சொல். குரல் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. ஆமா என்று அசைந்தது. அவள் படித்தாள்.

என் கையை விட்டாள். எழுந்தாள். அழுவாள், அறைவாள், அத்தனை பேர் முன்னால் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அதில் எது நடந்திருந்தாலும் இன்றைக்கு நான் கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

அவள் என்னைப் பார்த்தபடியே உள்ளங்கையை எடுத்து வாயை மறைத்துக்கொண்டாள்.

ஜாபர் வருகிறான் என்று வரிசையாக எல்லோரும் மறைத்துக்கொள்வார்களே, அதே மாதிரி. கைக்குப் பின்னால் அவள் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். தாடை அசைவது தெரிந்தது. என்ன பேசினாள், யாரோடு பேசினாள் என்று எனக்குத் தெரியாது. பேசிக்கொண்டே கூட்டத்துக்கு நடுவில் நடந்து வாசலைத் தாண்டிப் போனாள்.

இது நடந்து ஏழு மாதமாகிறது. ஓட்டல் நன்றாக ஓடுகிறதாம். தறிகளை ஓட்டுவதில்லை, சும்மா அழகுக்கு வைத்திருக்கிறார்கள். மைக் அடுத்த விழாவுக்குப் போய்விட்டார். அந்தத் தேதி வந்துபோனது, தங்கச்சி வரவில்லை. நான் தெருவில் அவளை இரண்டு தடவை பார்த்தேன். இரண்டு தடவையும் என்னைக் கண்டதும் கை வாய்க்குப் போனது.

அவர்கள் ஓட்டலிலேயே இருந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். இருக்கவில்லை. இப்போது தறிகூட வேண்டியதில்லை, சத்தம் இருந்தால் போதும். லாரி போகும்போது எதிரில் வருகிறவர் வாய். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடும்போது, மாடியில் துணி காயப்போடுகிறவள் வாய். ஐந்தாவது ஆள், ஆறாவது ஆள், ஏழாவது என்று போய்க்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் என் இடுப்பைக் காட்டித்தான் பேசுகிறார்கள். போன வாரம் தகரக் கூரை மேல் மழை கொட்டியபோது பதினோராவது ஆளும் பேசி முடித்தான். பால்காரர் வாயில் வந்தான்.

பதினொன்று முடிந்தது, இனி யாரும் இல்லை என்று இருந்தேன்.

இன்று காலை சவரம் செய்யக் கண்ணாடி முன்னால் நின்றேன். குழாய் சளசளவென்று கொட்டிக்கொண்டிருந்தது. முகத்தில் சோப்பு நுரை. நான் எதுவும் பேசவில்லை, எனக்கு அங்கே பேச ஆள் இல்லை. நுரைக்கு நடுவில் என் உதடு இழுத்துக்கொண்டு, சொல்லைச் சொல்லாகப் பிட்டு வைத்து, அசைந்தது.

கோஷம் போடறாங்க சார்.

குழாயை மூடினேன். தண்ணீர் நின்றது.

உதடு நிற்கவில்லை.